ஹென்றிக் குரெட்ஸ்கியை ஒலிப்பதிவுகளின் வழியே நினைவுகூர்வது எப்படி

போலந்து இசையமைப்பாளர் ஹென்றிக் மிக்கோவாய் குரெட்ஸ்கி, தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த கட்டோவீட்ஸே நகரில் 2010 நவம்பர் 12 அன்று காலமானார். அவருடைய நினைவு நாளிலோ பிறந்த நாளான டிசம்பர் 6 அன்றோ அவர் இசையைக் கேட்க நினைக்கும் பெரும்பாலோர் உடனே தேடி எடுப்பது மூன்றாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியைத்தான். ஒன்பது நிமிடம் ஓடும் அந்தப் பகுதி அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனால் 1992இல் வெளிவந்து பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற ஒரே ஓர் இசைத்தட்டு, 1950களிலிருந்து கடைசி வரை எழுதிக்கொண்டிருந்த ஒரு மனிதரை மறைத்துவிட்டது. அவரை நினைவுகூர விரும்புகிறவர் முதலில் செய்யவேண்டியது, அந்தத் தட்டைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் முகம் வேறு விதமாகத் தெரியும் பதிவுகளிலிருந்து தொடங்குவதே. இக்கட்டுரை அதற்கான ஒரு வழியைச் சொல்கிறது. இதில் உள்ள வரிசை என் சொந்த வரிசை; பல ஆண்டுகளாக மாற்றி மாற்றிக் கேட்டு இதில் வந்து நின்றிருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன்

எல்லாவற்றையும் ஒரே மாலையில் கேட்டு முடிக்கலாம் என்று எண்ணவேண்டாம். கீழே சொல்லப்படும் படைப்புகள் அனைத்தும் சேர்ந்து நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் வரும், அவற்றில் பாதிக்கு மேல் மிக மெதுவாக நகரும் இசை. மெதுவான இசையைத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கேட்டால் காது மரத்துப்போய், பிறகு கேட்பதெல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஒரு வாரத்தில் நான்கு மாலைகள் ஒதுக்குவது நல்லது. நவம்பர் 12 அன்று முடியும்படி திட்டமிட்டால் கடைசி மாலைக்கு அதற்குரிய பொருள் தானாகவே கிடைத்துவிடும்.

கருவியைப் பற்றி ஒரு சொல். மூன்றாம் சிம்பொனியை முதன்முதலாக நான் கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டேன். முதல் இரண்டு நிமிடங்களுக்கு ஒன்றுமே காதில் விழாததால், பதிவு பழுதாகியிருக்கிறது என்று நினைத்து நிறுத்திவிட்டேன். அந்தச் சிம்பொனி வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியமான டபுள் பேஸ்களில், அவற்றின் மிகத் தாழ்ந்த சுரங்களில், மிக மெல்லிய ஒலியில் தொடங்குகிறது. சிறிய ஒலிபெருக்கிகளால் அந்தச் சுரங்களைத் தர இயலாது. காதை மூடும் ஹெட்ஃபோனோ ஓரளவு பெரிய ஸ்பீக்கரோ தேவை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: தொடக்கம் கேட்கவில்லை என்று ஒலியளவைக் கூட்டிவிட்டால் பத்தாவது நிமிடத்தில் திடுக்கிட நேரும். முதல் பகுதியின் உச்சக்கட்டத்தை ஒரு முறை ஓடவிட்டு, அது வசதியாகக் கேட்கும் அளவில் ஒலியை வைத்துக்கொண்டு, பிறகு தொடக்கத்துக்குத் திரும்புவதே சரியான முறை. செயலிகளில் கேட்பவர்கள் பாடல்களின் ஒலியளவைச் சமன்படுத்தும் வசதியையும், வரிசையைக் கலைத்துப் போடும் வசதியையும், ஒரு தடம் முடியுமுன் அடுத்ததைக் கலந்துவிடும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். இலவசக் கணக்கில் இடையில் விளம்பரம் வரும் என்றால், குறுந்தட்டையோ விலைக்கு வாங்கிப் பதிவிறக்கிய பதிவையோ நாடுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த இசையின் நடுவே பற்பசை விளம்பரம் புகுந்தால் அன்றைய மாலை அத்துடன் முடிந்தது.

பெயரைத் தேடும்போது ஒரு குழப்பம் நேரலாம். அவர் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ‘கோரெக்கி’ என்று பலரும் படித்துவிடுகிறார்கள். போலந்து உச்சரிப்பு ‘குரெட்ஸ்கி’ என்பதற்கு நெருக்கமானது. அவருடைய மகன் மிக்கோவாய் குரெட்ஸ்கியும் இசையமைப்பாளர். தந்தையின் நடுப்பெயரும் மகனின் பெயரும் ஒன்றே என்பதால் செயலிகளின் தேடல் முடிவுகளில் இருவரும் கலந்து வருவதுண்டு. படைப்பின் தலைப்பையும் பாடியவர் அல்லது நடத்துனர் பெயரையும் சேர்த்துத் தேடினால் குழப்பம் தீரும்.

முதல் மாலை: சிரிக்கிற குரெட்ஸ்கி

ஹார்ப்சிகார்டுக்கும் (பியானோவுக்கு முந்தைய, தந்திகளைச் சுண்டி ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியம்) தந்தி வாத்தியக் குழுவுக்குமாக 1980இல் அவர் எழுதிய கன்செர்ட்டோவிலிருந்து தொடங்குங்கள். அது இரண்டே பகுதிகள் கொண்டது, ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிடும், மெதுவான பகுதி என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது. முதல் பகுதியில் தந்திக் குழு நீண்ட ஒரு மெட்டை ஒரே குரலாக இழுத்துச் செல்ல, ஹார்ப்சிகார்ட் தையல் இயந்திரம் போல் நிற்காமல் ஓடுகிறது. இரண்டாம் பகுதி கிட்டத்தட்டக் கிராமத்துக் கூத்து. எல்ஷ்பியெட்டா ஹொய்னாட்ஸ்கா என்ற போலந்து ஹார்ப்சிகார்ட் கலைஞரே இதை முதன்முதலில் அரங்கேற்றினார். லண்டன் சின்ஃபோனியேட்டா குழுவுடன் அவர் வாசித்து 1990களில் நன்சச் நிறுவனம் வெளியிட்ட பதிவைத்தான் கேட்க வேண்டும். அவர் விரல்களில் உள்ள பிடிவாதம் வேறு பதிவுகளில் எனக்குக் கிடைக்கவில்லை. துயரத்தின் இசையமைப்பாளர் என்று மட்டுமே குரெட்ஸ்கியை அறிந்த ஒருவருக்கு இந்த ஒன்பது நிமிடத்தைப் போட்டுக் காட்டிவிட்டு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். அவர் பெயர் வரவே வராது.

அதே தட்டில் 1993இல் எழுதப்பட்ட ‘ஒரு போல்காவுக்கான சிறு இரங்கலிசை’ என்ற படைப்பும் இருக்கிறது. தலைப்பே கேலியா துக்கமா என்று பிரித்தறிய முடியாதபடி வைக்கப்பட்டது. மணியோசையுடன் மிக அமைதியாகத் தொடங்கும் அந்த இசை நடுவில் திடீரென்று சர்க்கஸ் கூடாரத்துக்குள் நுழைந்துவிட்டது போல் ஆடத் தொடங்கி, பிறகு மீண்டும் அமைதிக்கே திரும்புகிறது. இந்த இரண்டையும் கேட்டபின், நேரம் இருந்தால், 1960இல் வார்சா இலையுதிர்கால விழாவில் அரங்கேறிப் பரபரப்பை உண்டாக்கிய ‘மோதல்கள்’ என்ற ஆர்க்கெஸ்ட்ரா படைப்பின் ஐந்து நிமிடத்தையாவது கேளுங்கள். 26 வயது இளைஞர், ஸ்டாலின் காலக் கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்த நாட்டில், ஆர்க்கெஸ்ட்ராவால் எவ்வளவு இரைச்சல் எழுப்ப முடியும் என்று பரிசோதிக்கும் இசை அது. முழுவதையும் கேட்கவேண்டும் என்று நான் வற்புறுத்தமாட்டேன். ஆனால் பிற்காலத்தில் அவர் அவ்வளவு குறைவான சுரங்களை வைத்துக்கொண்டு எழுதியது இயலாமையால் அன்று என்பதை உணர இந்த ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாம் மாலை: தாயும் மூன்றாம் சிம்பொனியும்

குரெட்ஸ்கி 1933இல் சிலேசியாப் பகுதியிலுள்ள செர்னிட்ஸா என்ற சிற்றூரில் பிறந்தார். பியானோ வாசிக்கத் தெரிந்த அவருடைய தாய், மகனுக்கு இரண்டு வயது நிறைந்த அதே நாளில் இறந்துபோனார். சிறு வயதில் விழுந்து இடுப்பெலும்பு பிசகி, சரியான சிகிச்சை கிடைக்காமல் நோய் முற்றி, அவர் பல அறுவைச் சிகிச்சைகளுக்கு உள்ளாக வேண்டியிருந்தது. இவற்றைச் சொல்வது அனுதாபம் தேடுவதற்காக அன்று. தாயை நோக்கிய குரல் அவருடைய இசையில் திரும்பத் திரும்ப வருகிறது என்பதும், மூன்றாம் சிம்பொனியின் மூன்று பாடல்களும் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான பேச்சுகளே என்பதும் கேட்பவர் அறிந்திருக்க வேண்டியவை. ஆகவே இந்த மாலையை, 1971இல் தாயின் நினைவுக்கு அவர் எழுதிய ‘தாய்க்கு’ என்ற படைப்பிலிருந்து தொடங்கலாம். பெரிய முரசு ஒன்று இதயத் துடிப்பைப் போல் அடித்துக்கொண்டே இருக்கும் அந்தப் படைப்பில் சோப்ரானோ (உச்சத் தாயியில் பாடும் பெண்குரல்) பாடகி பாடுவது மிகச் சில சொற்களே.

பிறகு மூன்றாம் சிம்பொனி. 1976 அக்டோபர் முதல் டிசம்பர் வரை கட்டோவீட்ஸேயில் எழுதப்பட்டது. மனைவி யத்விகாவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. 1977 ஏப்ரலில் பிரான்சின் ருவாயன் நகரில் நடந்த புத்திசை விழாவில், எர்னஸ்ட் பூர் நடத்த, ஸ்டெஃபானியா வொய்டோவிச் பாட அரங்கேறியது. நவீன இசையின் கடுமையான சோதனைகளை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. இறுதியில் ஏ மேஜர் சுரக்கூட்டு திரும்பத் திரும்ப ஒலித்தபோது அருகிலிருந்த புகழ்பெற்ற பிரெஞ்சு இசைக்கலைஞர் ஒருவர் வாய்விட்டுத் திட்டியதாகப் பின்னாளில் குரெட்ஸ்கியே நினைவுகூர்ந்திருக்கிறார். பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே சிம்பொனி இங்கிலாந்தின் பாப் இசைத்தட்டுப் பட்டியலில் ஆறாம் இடத்துக்கு ஏறியது.

முதல் பகுதி ஏறத்தாழ 26 நிமிடம். இங்கே கர்நாடக இசையில் பழகிய காதுக்கு ஒரு சிறு உதவி கிடைக்கிறது. டபுள் பேஸில் தொடங்கும், 24 தாள அளவைகள் நீளமுள்ள மெட்டு ‘இ’ சுரத்தை ஆதாரமாகக் கொண்ட ஏயோலியன் முறையில் அமைந்தது. அதாவது நடபைரவி இராகத்தின் ஏழு சுரங்கள். முதல் குரல் பாதை போட்டபின், இரண்டாவது குரல் அதே மெட்டை அதன் பஞ்சமத்திலிருந்து தொடங்குகிறது, ஆனால் சுரங்களை மாற்றுவதில்லை. ஆதாரம் மட்டும் பஞ்சமத்துக்கு நகர்ந்தால் நடபைரவி தோடியாக மாறும் என்பது கிரகபேதம் அறிந்தவர்களுக்குத் தெரியும். இப்படியே ஐந்தைந்து படிகளாக ஏறி எட்டுக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. எட்டாவது குரல் மறுபடியும் ‘இ’ சுரத்துக்கே வந்து சேர்கிறது. இதில் இராக பாவத்தையோ கமகத்தையோ தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சுரங்கள் அசையாமல் நிற்கின்றன. ஒரே மெட்டைப் பல குரல்கள் வெவ்வேறு நேரத்தில் தொடங்குவதால் எழும் அடர்த்தியைத்தான் கவனிக்க வேண்டும். முதல் முறை கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, புதிய குரல் நுழையும் ஒவ்வொரு முறையும் ஒரு விரலை மடக்குங்கள். நான்கைந்துக்கு மேல் எண்ண முடியாமல் போனால் அது உங்கள் குறையில்லை.

அலை உச்சத்தைத் தொட்டு, எல்லாக் குரல்களும் ஒற்றைச் சுரத்தில் வந்து ஒடுங்கிய பிறகே, அதாவது 12, 13 நிமிடங்கள் கடந்த பிறகே, பாடகியின் குரல் எழுகிறது. அவர் பாடுவது பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த மரியன்னையின் புலம்பல்: உன் காயங்களை உன் தாயோடு பகிர்ந்துகொள் என்று சிலுவையிலிருக்கும் மகனிடம் கேட்கும் தாய். அப்பாடலின் உச்சியில் தந்திகள் மீண்டும் முழு அடர்த்தியுடன் நுழைந்து, பிறகு குரல் குரலாகக் கழன்று, தொடங்கிய இடமான டபுள் பேஸுக்கே இறங்குகின்றன.

இரண்டாம் பகுதியின் சொற்கள் ஸகோபானே என்ற மலையூரில் நாஜிகளின் இரகசியக் காவல்படையான கெஸ்டாப்போ வைத்திருந்த சிறையறைச் சுவரில் பொறிக்கப்பட்டவை. 1944 செப்டம்பரில் அங்கே அடைக்கப்பட்டிருந்த ஹெலெனா என்ற 18 வயதுப் பெண் எழுதியது: அம்மா, அழாதே, விண்ணகத்தின் தூய அரசியே, எப்போதும் எனக்குத் துணையிரு. பிற கைதிகள் எழுதிய சுவர்களில் கொலைகாரர்களே என்றும், நான் குற்றமற்றவன் என்றும், காப்பாற்றுங்கள் என்றும் கத்தல்கள் இருக்க, ஏறத்தாழக் குழந்தையான இந்தப் பெண் தனக்காக அழாமல் தாயைப் பற்றி நினைத்ததே தம்மை ஈர்த்தது என்று குரெட்ஸ்கி விளக்கியிருக்கிறார். மூன்றாம் பகுதி ஓப்போலே வட்டாரத்து நாட்டுப்பாடல்; கிளர்ச்சியில் கொல்லப்பட்ட மகனின் உடல் எங்கே கிடக்கிறது என்று கூடத் தெரியாத தாய் அவனைத் தேடுகிறாள். ஒப்பாரியின் கேள்விகள் நமக்கு இங்கே எதிரொலிக்கும். ஆனால் ஒப்பாரியில் உடையும் குரல் இங்கே உடைவதில்லை. அழுகையை எதிர்பார்த்துக் கேட்பவர் இந்தப் பகுதியைத் தவறவிட்டுவிடுவார். தொடக்கத்தில் ஊஞ்சல் போல் முன்னும் பின்னும் ஆடும் இரண்டு சுரக்கூட்டுகள் ஷோப்பானின் 17ஆம் எண் மசூர்க்காக்களில் (போலந்து நடனத்தை ஒட்டிய பியானோ இசை) நான்காவதிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தப் பியானோத் துண்டின் முதல் அரை நிமிடத்தை முன்னதாகக் கேட்டுவைத்துக்கொண்டால், சிம்பொனியில் அது வரும்போது ஒரு பழைய அறிமுகத்தைத் தெருவில் பார்த்ததுபோல் இருக்கும்.

எந்தப் பதிவு? இக்கேள்விக்கு ஒற்றை விடை சொல்லாமல், ஒரே இடத்தை வெவ்வேறு பதிவுகளில் ஒப்பிட்டுக் கேட்கும்படிதான் சொல்வேன். முதல் பகுதியில் பாடகி நுழையும் இடத்திலிருந்து நான்கு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெஃபானியா வொய்டோவிச் 1978இல், யெஜி கட்லேவிச் நடத்திய கட்டோவீட்ஸே வானொலி ஆர்க்கெஸ்ட்ராவுடன் செய்த பதிவில் குரல் அகலமாக, சற்று நடுக்கத்தோடு, கோவிலுக்குள் நிற்கும் மூத்த பெண்ணின் குரலாக ஒலிக்கிறது. ஒலிப்பதிவுத் தரம் பழையது. வயலின்கள் கொஞ்சம் கூசும். டேவிட் ஜின்மன் நடத்த டான் அப்ஷா பாடிய 1992ஆம் ஆண்டு நன்சச் வெளியீட்டில் குரல் இளமையாக, நேராக, தெளிந்த நீர்போல் வருகிறது. இரண்டாம் பகுதியில் பாடுபவள் 18 வயதுப் பெண் என்பதால் அங்கே அப்ஷாவே பொருத்தம். ஆனால் முதல் பகுதியின் தாயாக என்னால் வொய்டோவிச்சை மட்டுமே நம்ப முடிகிறது. அன்டோனி வித் நடத்த ஸோஃபியா கிலனோவிச் பாடிய நாக்சோஸ் பதிவு இரண்டுக்கும் நடுவில் நிற்பது. அது விலை குறைவானது, போலந்து மொழி தாய்மொழியாக உள்ளவர் பாடுவது, இந்த இசையைத் தம் ஊர்ச் சொத்தாகக் கருதும் ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பது. ஒரே ஒரு தட்டு வாங்க வசதியுள்ளவருக்கு அதையே பரிந்துரைப்பேன். கூடுதலாக அதில் ‘பழைய பாணியில் மூன்று துண்டுகள்’ என்ற 1963ஆம் ஆண்டுச் சிறு படைப்பும் கிடைக்கிறது.

நான்காவதாக ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. போர்டிஸ்ஹெட் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் பாடகி பெத் கிப்பன்ஸ் 2014 நவம்பரில் வார்சாவில் இதைப் பாடினார். பதிவு 2019இல் வெளிவந்தது. நடத்தியவர் குரெட்ஸ்கி பிறந்த அதே 1933இல், அவருக்கு இரண்டே வாரம் முன்பு பிறந்த கிஷிஸ்டோஃப் பெண்டெரெட்ஸ்கி. கிப்பன்ஸ் செவ்வியல் பயிற்சி பெற்றவர் அல்லர். போலந்து மொழியும் அவருக்குத் தெரியாது. மேல் சுரங்களில் குரல் இழுபடுவது வெளிப்படையாகவே கேட்கிறது. இசை விமர்சகர்கள் சிலர் இதைக் குறையாகக் கண்டார்கள். எனக்கோ, பயிற்சி பெற்ற குரல்கள் மூடி மறைக்கும் ஏதோ ஒன்று அந்த இழுபடலில் வெளியே தெரிகிறது. முதன்முறை கேட்பவர் இதிலிருந்து தொடங்கவேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

மூன்றாம் மாலை: ஐந்து சொற்கள்

1970களின் இறுதியில் குரெட்ஸ்கி கட்டோவீட்ஸே இசைக் கல்லூரியின் தலைவராக இருந்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அந்நகருக்கு வருவதை அரசு அனுமதிக்காததைக் கண்டித்து 1979இல் அப்பதவியிலிருந்து விலகினார். 1981 மார்ச்சில் பிட்கோஷ்ச் நகரில் சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்க இயக்கத்தினரைக் காவல்படை தாக்கியபோது அதற்கு விடையாக எழுதியதே ‘மிசெரேரெ’. துணை வாத்தியம் ஏதுமின்றிப் பெரிய சேர்ந்திசைக் குழு அரை மணி நேரத்துக்கு மேல் பாடும் இப்படைப்பின் பாடல் வரி மொத்தம் ஐந்தே இலத்தீன் சொற்கள்: ‘எங்கள் ஆண்டவராகிய இறைவா’ என்பதற்கு மூன்று, ‘எங்கள்மேல் இரங்கும்’ என்பதற்கு இரண்டு. அதிலும் இரங்கும் என்ற வேண்டுகோள் இறுதியில்தான் வருகிறது. அதுவரை விளிப்பு மட்டுமே. அந்த ஆண்டு டிசம்பரில் நாட்டில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. படைப்பு ஆறு ஆண்டுகள் அரங்கேறாமல் கிடந்து, 1987இல் வுவொட்ஸ்வாவெக் நகரில் முதன்முதலாகப் பாடப்பட்டது. 1984இல் அரசின் இரகசியக் காவலர்களால் கொல்லப்பட்ட பாதிரியார் யெஜி பொப்பியெவுஷ்கோவின் உடல் கண்டெடுக்கப்பட்டது அந்த நகரை ஒட்டிய நீர்த்தேக்கத்தில்தான்.

ஜான் நெல்சன் சிகாகோவின் இரண்டு சேர்ந்திசைக் குழுக்களை இணைத்து நடத்திய 1994ஆம் ஆண்டு நன்சச் பதிவு எளிதில் கிடைக்கும். அன்று மாலை வேறெதையும் கேட்கவேண்டாம். அடித்தளக் குரல்களில் தொடங்கிப் பகுதிக்கொரு குரலாக மேலே சேர்ந்துகொண்டே போகும் அமைப்பு மூன்றாம் சிம்பொனியின் முதல் பகுதியை நினைவூட்டும். ஆனால் அங்கே ஓய்வு கிடைத்தது, இங்கே கிடைக்காது. பத்தாவது நிமிடத்தில் அலுப்பு வரும். எழுந்து போகாமல் அதைத் தாண்டிவிட்டால், ‘இரங்கும்’ என்ற சொல் கடைசியில் எவ்வளவு மெல்லிதாக வருகிறது என்பது புரியும்.

நண்பர்களோடு சேர்ந்து கேட்க விரும்புவோருக்கு இந்த மாலை ஏற்றது. நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். பாடலின் பொருளையும் எழுதப்பட்ட பின்னணியையும் முன்னதாக ஐந்து நிமிடத்துக்குள் ஒருவர் சொல்லிவிட வேண்டும், தொடங்கியபின் யாரும் பேசக்கூடாது, தேநீரும் இசை முடிந்தபின்தான். விளக்கை முழுவதும் அணைக்க வேண்டியதில்லை, இருட்டில் உட்கார்ந்தால் சிலர் உறங்கிவிடுகிறார்கள். முடிந்தவுடன் எப்படி இருந்தது என்று கேட்கும் பழக்கத்தை விடுங்கள். மறுநாள் கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும்.

நான்காம் மாலை: நால்வரிசையும் நல்லிரவும்

அமெரிக்காவின் க்ரோனோஸ் நால்வர் குழுவுக்காக குரெட்ஸ்கி நான்கு தந்தி வாத்தியங்களுக்கான நால்வரிசைகள் மூன்றை எழுதினார். மூன்றையும் அக்குழுவே பதிவு செய்திருக்கிறது. 1988இல் எழுதிய முதலாவது ‘இருட்டத் தொடங்கிவிட்டது’. பதினாறாம் நூற்றாண்டுப் போலந்து இசைவாணர் ஒருவரின் இராப் பிரார்த்தனைப் பாடலை அடியாகக் கொண்டது. கால் மணி நேரமே ஓடும் இதில் முனகலும் முரட்டு நடனமும் மாறி மாறி வருகின்றன. முதல் நாள் கேட்ட ஹார்ப்சிகார்ட் கன்செர்ட்டோவின் சிரிப்பு இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புகிறது. 1991ஆம் ஆண்டின் இரண்டாவது நால்வரிசையைப் பிறிதொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுக்குத் தனிக் கதை உண்டு. ‘…பாடல்கள் பாடப்படுகின்றன’ என்ற அதன் தலைப்பு ரஷ்யக் கவிஞர் வெலிமிர் க்ளெப்னிகோவின் நான்கு வரிக் கவிதையிலிருந்து வந்தது: குதிரைகள் சாகும்போது மூச்சிரைக்கின்றன, புற்கள் சாகும்போது வாடுகின்றன, சூரியன்கள் சாகும்போது அணைகின்றன, மனிதர்கள் சாகும்போது பாடுகிறார்கள் என்பது அதன் சாரம். 1995இலேயே எழுதி முடித்தும் அவர் அதைப் பத்து ஆண்டுகள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ஏன் என்று தமக்கே தெரியவில்லை என்றார். 2005இல் கைக்குக் கிடைத்ததைக் க்ரோனோஸ் குழு 2007இல் வெளியிட்டது. ஐந்து பகுதிகள், ஐம்பது நிமிடத்துக்கு மேல், பெரும்பாலும் மிக மெதுவானவை. முழுவதையும் ஒரே மூச்சில் கேட்க இயலாதவர் முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் கேட்கலாம், அப்படிச் செய்வதில் குற்றம் ஏதுமில்லை.

ஒவ்வொரு மாலையும் முடிந்தபின் ஒரு சிறு குறிப்பேட்டில் மூன்று விஷயங்களை எழுதி வைப்பது என் வழக்கம்: எந்த நிமிடத்தில் மனம் அலைந்தது, எந்த நிமிடத்தில் திரும்பி வந்தது, எந்தச் சுரமோ சொல்லோ மறுநாள் காலையிலும் நினைவில் இருந்தது. ‘அருமை’, ‘உருக்கம்’ போன்ற சொற்களை அதில் எழுதுவதில்லை. அடுத்த ஆண்டு அதே பதிவைக் கேட்டுவிட்டுப் பழைய குறிப்பைப் புரட்டிப் பார்த்தால், மனம் அலைந்த இடங்கள் பெரும்பாலும் மாறியிருக்கும், திரும்பி வந்த இடங்கள் மாறியிருக்காது. மூன்றாம் சிம்பொனியில் என் குறிப்பு எட்டு ஆண்டுகளாக ஒரே இடத்தைச் சுட்டுகிறது: பாடகி நுழைவதற்குச் சற்று முன்பு, பியானோவும் யாழும் சேர்ந்து மணியடித்ததுபோல் ஒற்றைச் சுரத்தைத் தட்டும் இடம்.

கடைசியாகக் கேட்கவேண்டியது, முதல் மாலையின் அதே நன்சச் தட்டில் உள்ள ‘நல்லிரவு’. லண்டன் சின்ஃபோனியேட்டாவின் கலை இயக்குநராக இருந்து குரெட்ஸ்கியின் இசையை இங்கிலாந்தில் அறிமுகப்படுத்திய மைக்கேல் வைனர் 1989இல் இறந்தபோது, அந்த நண்பரின் நினைவாக மறு ஆண்டு எழுதியது. ஆல்ட்டோ புல்லாங்குழல், பியானோ, டாம்டாம் எனப்படும் மூன்று பெரிய உலோகத் தட்டுகள், ஒரு சோப்ரானோ, வேறெதுவும் இல்லை. முதல் இரண்டு பகுதிகளில் பாடகி வாய் திறப்பதே இல்லை. மூன்றாம் பகுதியில்தான் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஹாம்லெட் இறந்தபின் அவன் தோழன் ஹொரேஷியோ சொல்லும் விடைபெறல் வரிகளை, தேவதைகள் உன்னைப் பாடி உறங்கவைக்கட்டும் என்ற வரிகளை, டான் அப்ஷா மிக மெதுவாகப் பாடுகிறார். ஓர் இசையமைப்பாளர் மறைந்த தம் நண்பரை எப்படி நினைவுகூர்ந்தார் என்பதற்கான பதிவு இது; அவரை நினைவுகூரும் வாரத்தை முடிக்க இதைவிடப் பொருத்தமான ஒன்று அவருடைய படைப்புகளில் எனக்குத் தெரிந்து இல்லை.

டாம்டாமின் அதிர்வு காற்றில் கரைய நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும். தடம் முடிந்ததும் செயலி தானாகவே வேறொருவரின் இசையைத் தொடங்கிவிடும் என்பதால், தானியங்கி இயக்கத்தை முன்னதாகவே நிறுத்திவைத்துவிட்டு உட்காருங்கள்.